குப்பை வண்டி திருப்பிக் கொடுக்கும் பொருள்கள்: சேலத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் குப்பை வண்டி தெருமுனைக்கு வந்ததும் மக்கும் குப்பை ஒரு வாளியிலும் மக்காத குப்பை இன்னொரு வாளியிலுமாக வாசலுக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் சிக்கல் இல்லை. எரிந்துபோன குழல்விளக்கு, உப்பிய கைப்பேசி பேட்டரி, காலாவதியான மாத்திரைகள், பாதி உறைந்த பெயின்ட் டப்பா, ஓடாத மிக்சி, தெர்மோகோல் பலகை, கிழிந்த மெத்தை என்று நீட்டும்போதுதான் தூய்மைப் பணியாளர் தயங்கி, "இது வேண்டாங்க, தனியா வையுங்க" என்று திருப்பிக் கொடுக்கிறார். அப்படித் திருப்பிக் கொடுத்ததை மறுநாள் கறுப்புப் பையில் சுருட்டி, காய்கறித் தோலுக்கு அடியில் மறைத்துப் போடும் வழக்கம் எங்கள் அம்மாபேட்டைத் தெருவிலும் உண்டு. அந்தப் பைக்குள் கைவிட்டுப் பிரிப்பவர் அதே பணியாளர்தான் என்பதும், அவர் கண்ணில் படாமல் தப்பியது செட்டிச்சாவடிக் கிடங்கில், அதாவது சேர்வராயன் மலையின் அடிவாரத்தில்தான் போய்ச் சேரும் என்பதும் மறைப்பவருக்குத் தோன்றுவதில்லை.

இத்தகைய பொருள் ஒன்று கைக்கு வரும்போது, இது எந்த வாளிக்கு உரியது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இதனுள் என்ன இருக்கிறது, அதைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தக்கூடியவர் ஊரில் யார் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். செம்பும் வெள்ளியும் அலுமினியமும் உள்ளவற்றுக்குச் சேலத்தில் ஆள் இருக்கிறார்கள். பாதரசமும் அமிலமும் மருந்தும் உள்ளவற்றுக்கு ஆள் குறைவு. அவற்றைச் சேர்த்துவைத்து, உரிய இடம் தேடிக் கொடுக்க வேண்டும். இந்த இரு வகையும் வீட்டிலேயே ஒன்றோடொன்று கலந்துவிட்டால், விலைபோகும் பொருளும் விலைபோகாமல் போய்விடும்.

ஆகவே முதல் வேலையாக மூன்று கொள்கலன்களை ஒதுக்குங்கள். உலோகத்துக்கும் கெட்டியான பிளாஸ்டிக்குக்கும் ஒரு சாக்கு, மின்பொருள்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி, நஞ்சுள்ளவற்றுக்கு இறுக்கமான மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. இந்த மூன்றாவது டப்பா குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், நிழலில் இருக்க வேண்டும். மொட்டை மாடியிலோ மாடிப்படிக்கு அடியிலுள்ள தகரக் கொட்டகையிலோ வைக்காதீர்கள். சித்திரை வெயில் சேலத்தில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில் பழைய பேட்டரியையும் ஸ்பிரே டப்பாவையும் தகரத்தடியில் வைப்பது தீயை வரவழைத்து வைப்பதற்குச் சமம்.

பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன்

பேரீச்சம்பழத்துக்குப் பழைய இரும்பும் ஈயமும் பித்தளையும் வாங்கிக்கொண்டு தெருவில் கூவி வந்தவர்கள் இப்போது அரிதாகிவிட்டாலும், பழைய இரும்புக் கடை இல்லாத பேட்டை சேலத்தில் இல்லை. வண்டிக்காரர் ஏற்காத பொருள்களில் பெரும்பகுதிக்கு இந்தக் கடையே விடை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போனால், கடைக்காரர் எல்லாவற்றையும் இரும்பு விலையில்தான் நிறுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிரிக்கும் வேலையின் கூலியை அவர் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு சிறு காந்தம் போதும். ஒட்டாத வெண்ணிற உலோகம் பெரும்பாலும் அலுமினியம் அல்லது எவர்சில்வர். எடையில் லேசாக இருப்பது அலுமினியம். எவர்சில்வரில் மட்டும் ஏமாறக்கூடாது, ஏனெனில் அதன் சில வகைகள் காந்தத்தில் ஒட்டும். குரோமியம் மட்டும் கலந்து, நிக்கல் கலக்காத தகட்டில் செய்த பாத்திரம் அப்படித்தான் ஒட்டும், ஆனால் அது இரும்பு அல்ல. துருக்கறை இல்லாமல் பளபளக்கும் பாத்திரம் காந்தத்தில் ஒட்டினாலும் அதைத் தனியாக வைத்து, எவர்சில்வர் என்று சொல்லியே கொடுங்கள். இரும்பாலை இருக்கும் ஊரில் துருப்பிடிக்காத எஃகை இரும்பு விலைக்கு விடுவது ஒரு வேடிக்கைதான். இதற்கு நேர்மாறான ஏமாற்றம் பழைய தண்ணீர்க் குழாயில் நேர்கிறது: வெள்ளைப் பூச்சு பூசிய குழாயை அரத்தால் ஓரத்தில் ஒரு கோடு தேய்த்துப் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் அது பித்தளை.

குக்கரின் ரப்பர் வளையம், கைப்பிடி, விசில் ஆகியவற்றைக் கழற்றிய பிறகு கொடுத்தால் அலுமினியத்துக்குரிய விலை கிடைக்கும். மின்கம்பிகளை உறையோடு கொடுங்கள். செம்புக்கு விலை கூடும் என்று கம்பியைக் கொளுத்தி உறையை எரிப்பவர்கள் உண்டு, பி.வி.சி. எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது, அந்தப் புகையை முதலில் உள்ளிழுப்பவர் கொளுத்துபவரே. பால் பாக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துக் கட்டிக் கொடுத்தால் கடைகள் வாங்குகின்றன. மூலையை வெட்டும்போது அந்தச் சிறு துணுக்கு தனியாக விழாமல் ஒட்டியே இருக்கும்படி வெட்டுவது நல்லது, விழுந்த துணுக்குகளை எவரும் பொறுக்கி எடுப்பதில்லை. கொட்டாங்குச்சியையும் குப்பையில் போடாதீர்கள். அது எளிதில் மக்குவதில்லை. காயவைத்துச் சேர்த்தால் கரி செய்வோருக்காக வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு.

இனி, பலர் கவனிக்காத இரண்டு பொருள்கள். வீட்டு அலமாரியில் உறையோடு கிடக்கும் பழைய எக்ஸ்ரே படலத்தில் வெள்ளி உண்டு. கணினி வழி அச்சிடும் இன்றைய படலங்களிலும் பலவற்றில் ஓரளவு வெள்ளி இருக்கிறது. இருட்டறையில் கழுவிய பழைய படலங்களில் அது கூடுதல். கொலுசுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, செவ்வாய்பேட்டைப் பக்கத்து வெள்ளித் தொழிலாளிகளுக்கு இது பழகிய செய்தி. படலங்களைப் பெயர் எழுதிய உறையிலிருந்து எடுத்து, மருத்துவர் இனி கேட்கமாட்டார் என்று உறுதி செய்துகொண்டு, மடிக்காமல் சேர்த்து, எக்ஸ்ரே படலம் வாங்கும் கடையிலேயே கொடுங்கள். சாதாரணப் பேப்பர் கடையில் கொடுத்தால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகப் போய்விடும். இன்னொன்று கிழிந்த பட்டுச் சேலை. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசியது. எனவே மடிப்பில் இற்றுப்போன சேலைக்கும் மதிப்பு உண்டு. அம்மாவின் கல்யாணச் சேலையை "பழைய பட்டு" என்று கூவி வந்தவரிடம் ஓர் எவர்சில்வர் டபராவுக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் சரிகையின் எடையை அறிந்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓயவில்லை. குறைந்தது இரண்டு இடங்களில் சரிகையை உரசிக் காட்டி விலை கேட்ட பிறகே கொடுங்கள்.

மிக்சி, கிரைண்டர், தொலைக்காட்சி

தமிழகத்து வீடுகளின் மின்னணுக் கழிவுக்குத் தனி வரலாறு உண்டு. 2006-இல் தொடங்கி அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும், 2011 முதல் வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வீட்டுக்குள் வந்தவை. ஆகவே ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுதாகிப் பரண் ஏறிவிட்டன.

இவற்றில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் கழிவென்று முடிவு செய்வதற்கு முன் காயில் கட்டும் கடையில் ஒருமுறை காட்டுங்கள். மிக்சி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷோ உடைந்த கப்ளரோ காரணமாக இருக்கும். இரண்டும் சில்லறைச் செலவு. காயில் முழுதும் கருகியிருந்தாலும் அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவார்கள், எடுத்த செம்பு வீணாகாது. மறுசுழற்சி என்று நாம் இன்று பெரிதாகப் பேசுவதைச் சேலத்தின் சிறு பட்டறைகள் பெயரில்லாமல் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன.

பின்புறம் புடைத்த பழைய தொலைக்காட்சி வேறு கதை. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம் கலந்திருக்கிறது, உட்புறத்தில் ஒளிரும் பொடி பூசப்பட்டிருக்கிறது. குழாய்க்குள் காற்று இல்லாததால், சுத்தியலால் தட்டினால் கண்ணாடி உள்ளிழுக்கப்பட்டுச் சிதறும். செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டு கண்ணாடியை ஏரிக்கரையில் வீசுபவரிடம் அதைக் கொடுப்பதைவிடப் பரணிலேயே வைத்திருப்பது மேல். 2022-இல் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், விற்ற பொருளுக்கு ஈடான கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேருவதற்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைக்கின்றன. ஆகவே பொருளின் பின்புறம் ஒட்டியுள்ள வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, பழையதை எங்கே ஒப்படைப்பது என்று கேட்பதே முதல் படி. அந்த நிறுவனம் இப்போது இல்லையென்றால், புதிய பொருள் வாங்கும் கடையில் பழையதைக் கழித்துக்கொள்ளும்படி கேட்கலாம். அதுவும் நடக்கவில்லையென்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலுள்ள பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியலைப் பாருங்கள், அல்லது சேலத்திலுள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரு வீட்டின் ஒரு தொலைக்காட்சிக்காக யாரும் வண்டி அனுப்பமாட்டார்கள். தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதிக் கேட்டால் பேச்சு மாறும். குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு இது பொருத்தமான வேலை.

குளிர்சாதனப் பெட்டியைக் கழித்துக் கொடுக்கும்போது பின்புறக் குழாயை வெட்ட விடாதீர்கள். உள்ளேயுள்ள வாயு வெளியேறிவிடும். கைப்பேசியைக் கொடுக்கும் முன் தரவுகளை வேறிடத்தில் சேமித்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுதும் அழித்து, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட வேண்டும்.

பேட்டரி, விளக்கு, வெப்பமானி

இன்வெர்ட்டர் பேட்டரியை எப்போதும் புதியது வாங்கும் கடையிலேயே, அமிலத்தோடு, நிமிர்த்திய நிலையில் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், கூடுதலாக நூறு ரூபாய் தருவதாகச் சொன்ன ஒரு தெரு வியாபாரியிடம் எங்கள் பேட்டரியைக் கொடுத்தேன். எடை குறைவதற்காக அவர் அமிலத்தை எங்கள் தெருச் சாக்கடையிலேயே கவிழ்த்ததைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துச் சொன்னபோதுதான் என் நூறு ரூபாயின் கணக்கு புரிந்தது. அந்தச் சாக்கடை போய்ச் சேருவது திருமணிமுத்தாற்றில்.

கைப்பேசி, மடிக்கணினி, பவர் பேங்க் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரிகள் குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளின்மேல் செல்லோ டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனித் தாளில் சுற்றி வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. உலர்ந்த மணல் நிரப்பிய ஒரு மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, விரைவில் சேவை மையத்திலோ மின்னணுக் கழிவு பெறுவோரிடமோ ஒப்படையுங்கள். பொத்தான் பேட்டரிக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும், குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

எல்.இ.டி. விளக்கில் பாதரசம் இல்லை. அது மின்பொருள் பெட்டிக்குப் போகலாம். சி.எஃப்.எல். விளக்கிலும் குழல்விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. புதிய விளக்கு வந்த அட்டை உறையிலேயே பழையதை நுழைத்து வைப்பதுதான் உடையாமல் காக்க எளிய வழி. உடைந்துவிட்டால் மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, எல்லோரும் பதினைந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே இருங்கள். துடைப்பத்தால் கூட்டினால் பாதரசம் பரவும். கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, ஒட்டும் நாடாவால் பொடியை ஒற்றியெடுத்து, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். பழைய வெப்பமானியில் உள்ள பாதரசமோ அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை, அதாவது குறைந்தது நூறு சி.எஃப்.எல். விளக்குகளில் இருப்பது. உடைந்து உருளும் வெள்ளி மணிகள் அழகாக இருக்கின்றன என்று குழந்தைகள் உள்ளங்கையில் வைத்து விளையாடிய காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். இனி அது வேண்டாம்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே பெயின்ட் டப்பா, பூச்சிக்கொல்லிக் கலன், சி.எஃப்.எல்., குழல்விளக்கு, காலாவதியான மருந்து, உடைந்த வெப்பமானி, பேட்டரி, ஊசி ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாக வகைப்படுத்தி, அவற்றைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னவை. எனவே உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளரிடம், இந்த டப்பாவை எந்த நாளில், எங்கே ஒப்படைப்பது என்று தயங்காமல் கேளுங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களில் உங்களுடையது எதுவோ, அங்கே நேரில் கேட்பது இன்னும் பயன் தரும்.

மருந்து, ஊசி, பெயின்ட், எண்ணெய்

காலாவதியான மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டினால் தண்ணீரில் கலக்கும். முழுப் பட்டையாகக் குப்பையில் போட்டால் யாரேனும் எடுத்துப் பயன்படுத்தக்கூடும். நம்பகமான மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ திரும்பப் பெறுவார்களா என்று முதலில் கேளுங்கள். வழியே இல்லையென்றால், மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து, வடிகட்டிய காபிச் சக்கையோடு பிசைந்து, இறுக்கமாக மூடிய டப்பாவில் போட்டு அபாயக் கழிவாகக் கொடுக்கலாம். ஏற்காட்டுக் காபி குடிக்கும் ஊரில் சக்கைக்குப் பஞ்சமில்லை. இன்சுலின் ஊசி போடுபவர்கள், ஊசிமுனைகளைத் திருகுமூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, "ஊசி" என்று பெரிதாக எழுதி, தங்கள் மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ கொடுக்கக் கேட்கலாம். நாப்கினையும் டயப்பரையும் மறுசுழற்சி செய்வது எளிதல்ல; செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு குறியிட்டுத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் இதே முறைதான். சன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஆகியவை புட்டிக் கண்ணாடியோடு சேர்ந்து உருகாதவை என்பதால், புட்டி வாங்கும் கடையிலும் அவற்றைக் கலக்கக்கூடாது.

மீந்த பெயின்டைச் சாக்கடையில் ஊற்றாமல், பக்கத்தில் சுவர் பூசுபவருக்குக் கொடுத்துவிடுவதே சிறந்தது. கொஞ்சமே இருந்தால் மூடியைத் திறந்து, மணலோ மரத்தூளோ கலந்து, காற்றோட்டமான இடத்தில் முழுதும் உலரவிட வேண்டும். உலர்ந்ததைச் சுரண்டி எடுத்தபின் தகர டப்பா இரும்புக் கடைக்குப் போகும். கொசு மருந்து ஸ்பிரே டப்பாவை முழுதும் தீர்க்காமல் கொடுக்காதீர்கள், ஆணியால் துளையிடவும் வேண்டாம்.

தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெய் வீட்டுக்கு ஒரு லிட்டராவது மிஞ்சுகிறது. கழுவுதொட்டியில் ஊற்றினால் குளிர்ந்து உறைந்து குழாயை அடைக்கும். பயன்படுத்திய எண்ணெயை உயிரி டீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது; அது முதன்மையாக உணவகங்களுக்கானது. பழகிய பலகாரக் கடைக்காரர் தம் எண்ணெயை முறையாகக் கொடுத்துவருபவர் என்றால், ஆறவைத்து வடிகட்டிய உங்கள் புட்டியையும் அதனோடு சேர்த்துக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். அவர் அதை மறுபடி கடாயில் ஊற்றுபவராக இருந்தால் இந்த யோசனையைக் கைவிடுங்கள்.

மெல்லிய பிளாஸ்டிக், தெர்மோகோல், துணி

சிப்ஸ் பாக்கெட்டிலும் பழச்சாறுப் பெட்டியிலும் பல படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் சாதாரணக் கடை வாங்காது. பழச்சாறுப் பெட்டியில் ஏறத்தாழ முக்கால் பங்கு காகிதம்தான், ஆனால் அதைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். மினுமினுப்பான பாக்கெட்டுகள் சுமார் 1,450 டிகிரி வெப்பமுள்ள சிமென்ட் சூளைகளில் எரிபொருளாகின்றன. அதற்காகவாவது அவை உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும்; குழம்பு ஒட்டிய பாக்கெட்டால் எவருக்கும் பயனில்லை. தெர்மோகோலில் நூற்றில் 98 பங்கு காற்று. அதனால்தான் அதை ஏற்றிச் செல்ல யாரும் முன்வருவதில்லை. பொருள் வாங்கும் நாளிலேயே, கொண்டுவந்து இறக்குபவரிடம் அதை எடுத்துப் போகச் சொல்வதே எனக்குத் தெரிந்த ஒரே வழி.

பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டி மெக்கானிக் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, புது உறையில் மீண்டும் நிரப்பலாம். நுரை மெத்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டில் வீடோ தோட்டமோ உள்ளவர்களுக்கு இரண்டு செய்திகள். குரங்கும் காட்டெருதும் நடமாடும் இடத்தில் வெளியே தொங்கும் பை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பேட்டரியும் மாத்திரையும் மலைச்சரிவில் சிதறினால் திரும்பப் பொறுக்க முடியாது. சேலத்துக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கையாவது வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் புட்டிகள் உருளாதபடி வாயை இறுகக் கட்டி. மற்றது, காபிக்கும் மிளகுக்கும் அடித்த பூச்சிமருந்துக் கலன்கள். ஒவ்வொரு கலனையும் மூன்று முறை நீர் விட்டு அலசி, அலசிய நீரை அதே தெளிப்பானில் ஊற்றித் தோட்டத்துக்கே அடித்துவிட்டு, வேறு எதற்கும் பயன்படாதபடி அடியில் துளையிட்டுத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் வீடுகளில் அந்தக் கலன்கள் தண்ணீர்க் குடமாவதை நான் பார்த்திருக்கிறேன், துளையிடுவது அதற்காகவே.

மூன்று கொள்கலன்களையும் ஆண்டுக்கு மூன்று முறை காலி செய்தால் போதும். மார்கழியில் அதை முதல் வாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முந்தைய நாளான காப்புக் கட்டும் நாளுக்காக வீட்டை ஒழிப்பவர்கள் எல்லோரும் கடைசி வாரத்தில் இரும்புக் கடைக்கு வந்துவிடுவதால், அப்போது தராசின் பக்கம் நிற்கவே இடமிருக்காது.